க்யூ கையில இருக்கு, யூ இல்லையா? ஸ்க்ராபிளில் 20 புள்ளியைக் காப்பாற்றும் குட்டி ஆங்கில வார்த்தைகள்... அர்த்தம் என்ன?

போர்டு கேமாக இருந்தாலும் சரி, மொபைல் ஆப்பாக இருந்தாலும் சரி, ஸ்க்ராபிள் ஆடும் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கையில் க்யூ வந்து மாட்டும். சுற்றிமுற்றிப் பார்த்தால் யூ எழுத்தே இருக்காது. 'யூ இல்லாம க்யூவை வெச்சு என்ன பண்றது?' என்று கையைப் பிசைவோம்.

உதாரணத்துக்கு, நீங்க 248 புள்ளி, எதிரில் இருப்பவர் 240 புள்ளி என்று வெச்சுக்கோங்க. அவர் தன் கடைசி எழுத்தையும் வைத்து ஆட்டத்தை முடிக்கிறார். உங்க கையில் க்யூ மட்டும் மிச்சம். விதிப்படி உங்க கணக்கில் 10 கழியும், அவர் கணக்கில் 10 கூடும். இப்போ நீங்க 238, அவர் 250. ஜெயிக்க வேண்டிய ஆட்டம், ஒரே எழுத்தால் கை நழுவிப் போச்சு!

ஆனால் யூ இல்லாமலேயே க்யூவை வைக்கக்கூடிய குட்டிக் குட்டி ஆங்கில வார்த்தைகள் நிறைய இருக்கு. அதைவிட ஆச்சரியம், அதில் பல வார்த்தைகள் தமிழ் பேசுறவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சவைதான். அது எப்படி? வாங்க, விரிவா பார்க்கலாம்.

படிப்பதற்கு முன் ஒரு சின்ன குறிப்பு

ஆங்கிலத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு எழுத்துகளைத் தமிழில் 'டி' என்றே சொல்கிறோம். 'பி' விஷயத்திலும் இதே கதைதான். குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் டாக்டர்-டி, டைகர்-டி, பஸ்-பி, பேப்பர்-பி என்று குறிப்பிட்டிருக்கிறோம்.

க்யூவுக்கு ஏன் 10 புள்ளி?

ஸ்க்ராபிளை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களில் அமெரிக்காவைப் புரட்டிப் போட்ட பொருளாதார மந்தத்தில் அவருக்கு வேலை போனது. சும்மா இருந்த நேரத்தில் வார்த்தை விளையாட்டு ஒன்றை உருவாக்க ஆரம்பித்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள் பக்கங்களை வைத்துக்கொண்டு எண்ணினார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த புள்ளி, அபூர்வமாக வரும் எழுத்துக்கு அதிக புள்ளி. இதுதான் அவர் போட்ட கணக்கு. 1948-ல் ஜேம்ஸ் புருனோ என்பவர் இந்த விளையாட்டுக்கு ஸ்க்ராபிள் என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தார்.

ஒரு ஆங்கில ஸ்க்ராபிள் பெட்டியில் மொத்தம் 100 வில்லைகள் இருக்கும். அதில் இ எழுத்து மட்டும் 12. யூ எழுத்து 4. எந்த எழுத்தாகவும் பயன்படுத்தக்கூடிய காலி வில்லைகள் 2. க்யூ ஒன்றே ஒன்றுதான். இசட்டும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் ஆளுக்கு 10 புள்ளி.

இசட்டை வைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. க்யூதான் பிரச்னை. காரணம், ஆங்கிலத்தில் க்யூ வந்தால் பின்னாடியே யூ வரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

க்யூவுக்குப் பின்னால யூ எப்படி வந்து ஒட்டிக்கிச்சு?

இது ஆங்கிலத்தின் சொந்தப் பழக்கம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ராணி என்று அர்த்தம் தரும் 'க்வீன்' வார்த்தையை சி, டபிள்யூ எழுத்துகளின் ஒலியை வைத்துத்தான் எழுதினார்கள். வேகம் என்று பொருள் தரும் 'க்விக்' வார்த்தையும் அப்படித்தான்.

1066-ல் பிரான்ஸின் நார்மண்டியில் இருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களோடு பிரெஞ்சு மொழியும், லத்தீன் வழியில் எழுதும் பழக்கமும் வந்தது. லத்தீனில் க்யூவும் யூவும் ஜோடியாகத்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கில வார்த்தைகளும் அந்த ஜோடிக்கு மாறின. இன்றைக்கு நாம் படிக்கும் ஸ்பெல்லிங் அப்படி வந்ததுதான்.

அப்போ யூ இல்லாத க்யூ வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? கிட்டத்தட்ட எல்லாமே பிற்காலத்தில் வேறு மொழிகளில் இருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. அதில் முக்கியமான பாதைகள் இரண்டு.

முதல் பாதை: அரபு மொழி

அரபியில் 'க' ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. ஒன்று 'காஃப்', நாம் சாதாரணமாகச் சொல்லும் 'க' போன்றது. இன்னொன்று 'காஃப்' என்றே தமிழில் எழுத வேண்டியிருந்தாலும், தொண்டையின் அடியில் இருந்து அழுத்திச் சொல்ல வேண்டியது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'தான். ஆங்கிலத்தில் எழுதும்போது, சாதாரண ஒலிக்கு கே எழுத்தையும், தொண்டை ஒலிக்கு க்யூவையும் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. கத்தார், இராக் ஆகிய நாடுகளின் பெயரில் யூ இல்லாமல் க்யூ வருவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது பாதை: சீன மொழி

சீன வார்த்தைகளை ஆங்கில எழுத்துகளில் எழுத, 1958-ல் சீன அரசு 'பின்யின்' என்ற முறையை ஏற்றது. இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் ஜோ யோகுவாங். 111 வயது வரை வாழ்ந்து 2017-ல் மறைந்தவர். இந்த முறையில் க்யூ எழுத்துக்கு 'ச' போன்ற ஒலி. முன்னாடி சி, ஹெச் போட்டு எழுதிய பல சீன வார்த்தைகள் இந்த முறையில் க்யூவுக்கு மாறின.

இந்த இரண்டு பாதைகளையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் வார்த்தைகளை மனப்பாடம் பண்ணத் தேவையே இருக்காது.

2 எழுத்து: இது ஒண்ணு தெரிஞ்சா போதும்!

க்யூ, ஐ: உச்சரிப்பு 'சீ'. சீனத் தத்துவத்தில் உடலில் ஓடும் உயிர் ஆற்றல், மூச்சு என்று அர்த்தம். அக்குபஞ்சர் மருத்துவம் பேசும் 'ஆற்றல் ஓட்டம்' இதுதான். 'சிகோங்' என்ற சீன மூச்சுப் பயிற்சியின் பெயரில் முதலில் வருவதும் இதே வார்த்தைதான். ஜப்பான் மொழிக்குப் போனபோது இது 'கி' ஆனது. ஐகிடோ, ரெய்கி என்ற பெயர்களில் இருக்கும் 'கி' அதுதான். ஆனால் 'தாய் சீ'யில் வரும் சீ வேற வார்த்தை, இரண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் இந்த வார்த்தை 2006-ல் சேர்க்கப்பட்டது. அதுக்குப் பிறகு க்யூ மீதான பயமே பாதி குறைஞ்சு போச்சு. யூவுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒரே ஒரு ஐ கிடைத்தால் போதும். ஒரு பெட்டியில் ஐ எழுத்து 9 இருக்கும் என்பதால் கிடைப்பதும் சுலபம்.

இதன் பலம் எவ்வளவு தெரியுமா? எழுத்துக்கு மூன்று மடங்கு தரும் கட்டத்தில் க்யூவை வைக்கிறீர்கள். அதற்கு வலது பக்கம் ஏற்கனவே ஒரு ஐ இருக்கிறது. கீழே நீங்களே ஒரு ஐ வைக்கிறீர்கள். இப்போ குறுக்கே 31, நெடுக்கே 31. மொத்தம் 62 புள்ளி! வைத்தது என்னவோ இரண்டே வில்லைகள்தான்.

கடைசியில் எஸ் சேர்த்து பன்மையாகவும் வைக்கலாம். எதிராளி ஐ வரை வைத்துவிட்டுப் போனால், நீங்க எஸ் மட்டும் சேர்த்து அந்த 10 புள்ளியையும் உங்க கணக்கில் எடுத்துக்கலாம்.

3 எழுத்து வார்த்தைகள்

க்யூ, ஏ, டைகர்-டி: உச்சரிப்பு 'காத்'. இது ஒரு செடி. ஏமன், சோமாலியா, எத்தியோப்பியா பகுதிகளில் இதன் பச்சை இலையை மணிக்கணக்கில் மெல்லும் பழக்கம் உண்டு. மெல்லுபவருக்குச் சுறுசுறுப்பும் ஒருவித போதையும் தரும். பல நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். பிரிட்டனில் 2014-ல் தடை வந்தது. இதையே கே, ஏ, டைகர்-டி என்றும் எழுதலாம், அதுவும் செல்லும்.

க்யூ, ஐ, என்: உச்சரிப்பு 'சின்'. ஏழு நரம்புகள் கொண்ட சீனத்தின் பழமையான இசைக்கருவி. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் மனித குலத்தின் இசையைப் பதிவு செய்து அனுப்பிய தங்கத் தட்டில், இந்தக் கருவியில் வாசித்த ஒரு சீன இசையும் இருக்கிறது. காலின்ஸ் பட்டியலை வைத்து ஆடுபவர்களுக்கு இந்த வார்த்தை செல்லும்.

எஸ், யூ, க்யூ: உச்சரிப்பு 'சூக்'. அரபு நாடுகளின் கடைவீதி, சந்தை. துபாய் போய் வந்தவர்களுக்கு 'கோல்டு சூக்' தெரியாமல் இருக்காது. தோஹாவில் 'சூக் வாகிஃப்' பிரபலம். இதில் யூ இருக்கு, ஆனா க்யூவுக்கு முன்னாடி வருது. போர்டில் ஏற்கனவே ஒரு யூ தனியாக இருந்து, அதன் பின்னால் இடம் இருந்தால் இந்த வார்த்தையை நினைச்சுப் பாருங்க.

4 எழுத்து: இங்கேதான் நமக்கு லாபம்

ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்கள் உருப்போட்டுப் படிக்கும் வார்த்தைகள் இவை. தமிழ் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கோ இவை பழகிப்போன சொற்கள்!

க்யூ, ஏ, டாக்டர்-டி, ஐ: நம்ம ஊர் 'காஜி'. இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்பு சொல்லும் நீதிபதி என்று அர்த்தம். ரம்ஜான் பிறை தெரிந்ததா இல்லையா என்று தமிழ்நாடு அரசின் தலைமை காஜி அறிவிப்பதை ஒவ்வொரு ஆண்டும் செய்தியில் பார்க்கிறோம். இலங்கையில் முஸ்லிம்களின் திருமணம், விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்களை 'காதி நீதிமன்றம்' என்பார்கள். காஜி, காதி எல்லாம் ஒரே அரபுச் சொல்லின் வெவ்வேறு உச்சரிப்புகள்.

க்யூ, ஏ, ஐ, டாக்டர்-டி: மேலே பார்த்த அதே நான்கு எழுத்துகள்தான், வரிசை மட்டும் மாறியிருக்கு. அர்த்தம் தலைவர். வட ஆப்பிரிக்காவில் பழங்குடித் தலைவர்களையும் அதிகாரிகளையும் இப்படி அழைத்தார்கள். 'காயிதே மில்லத்' என்ற பெயரை யோசிச்சுப் பாருங்க. சமுதாயத்தின் தலைவர் என்று பொருள் தரும் அந்தப் பட்டம், முஸ்லிம் லீக் தலைவர் முகமது இஸ்மாயிலுக்கு வழங்கப்பட்டது. சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரியே இருக்கிறது. அந்தப் பட்டத்தின் முதல் பாதிதான் இந்த வார்த்தை.

க்யூ, ஏ, ஐ, டாக்டர்-டி நான்கும் கையில் வந்தால் உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கு. நீதிபதியா, தலைவரா? போர்டில் எது பொருந்துதோ அதை வைங்க.

டபிள்யூ, ஏ, க்யூ, எஃப்: 'வக்ஃப்' அல்லது 'வக்பு'. இஸ்லாமிய மத, அறப் பணிகளுக்காக நிரந்தரமாக ஒதுக்கி வைக்கப்பட்ட சொத்து. 'நிறுத்தி வைத்தல்' என்று பொருள் தரும் அரபு வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. அதாவது, அந்தச் சொத்தை விற்கவோ கைமாற்றவோ முடியாதபடி நிறுத்தி வைப்பது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வக்ஃப் திருத்தச் சட்டம் பற்றிய விவாதங்களால் இன்றைக்கு இந்தச் சொல் தெரியாதவர்கள் குறைவு. ஒரே ஒரு உயிரெழுத்து, மூன்று கடினமான எழுத்துகள். டபிள்யூவும் எஃப்பும் தலா 4, க்யூ 10, ஏ 1. சிறப்புக் கட்டம் எதுவும் இல்லாமலேயே 19 புள்ளி. காலின்ஸ் பட்டியலில் உண்டு.

க்யூ, ஓ, பேப்பர்-பி, ஹெச்: உச்சரிப்பு 'கோஃப்'. ஹீப்ரு மொழியின் 19-வது எழுத்தின் பெயர். இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ஹீப்ரு எழுத்தும் ஆங்கில க்யூவும் தூரத்துச் சொந்தக்காரர்கள். பழங்கால ஃபினீசிய எழுத்து ஒன்றில் இருந்து ஒரு பக்கம் ஹீப்ருவுக்கும், இன்னொரு பக்கம் கிரேக்கம் வழியாக லத்தீனுக்கும் போனதுதான் இந்த எழுத்து. ஆக, க்யூ தன் சொந்தக்காரர் பெயரைச் சொல்லும் வார்த்தை இது!

5 எழுத்து வார்த்தைகள்

எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர்: 'பக்கீர்'. ஏழை என்று பொருள் தரும் அரபுச் சொல். உடைமைகளைத் துறந்த இஸ்லாமியத் துறவிகளைக் குறிக்கும். நாகூர் பக்கம் போனவர்களுக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காந்தியை 1931-ல் வின்ஸ்டன் சர்ச்சில் ஏளனமாகக் குறிப்பிட்டபோது பயன்படுத்தியதும் இதே சொல்தான். வழக்கமாக கே போட்டு எழுதுவார்கள், க்யூவும் செல்லும்.

டைகர்-டி, ஏ, எல், ஏ, க்யூ: 'தலாக்'. இஸ்லாமியச் சட்டப்படி கணவன் தரும் விவாகரத்து. உடனடி முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது, 2019-ல் அதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது.

என், ஐ, க்யூ, ஏ, பஸ்-பி: 'நிகாப்'. கண்கள் மட்டும் தெரியும்படி முகத்தை மூடும் துணி. பஸ்-பி, யூ, ஆர், க்யூ, ஏ: 'புர்கா'. உடல் முழுவதையும் மூடும் ஆடை. இரண்டும் ஒன்றல்ல. புர்காவில் யூ உண்டு என்பதையும் கவனியுங்க.

க்யூ, ஐ, பஸ்-பி, எல், ஏ: 'கிப்லா'. தொழுகையின்போது நோக்கும் மெக்கா கஅபாவின் திசை. தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய மேற்கு.

க்யூ, ஏ, என், ஏ, டைகர்-டி: உச்சரிப்பு 'கனாத்'. ஈரானின் பழமையான நிலத்தடி நீர்க் கால்வாய். மலையடிவாரத்தில் ஆழமான தாய்க் கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கிருந்து லேசான சரிவில் நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம் போல் வெட்டிக்கொண்டு போவார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. புவியீர்ப்பு விசையாலேயே தண்ணீர் ஊருக்குள் வந்து சேரும். வெயிலில் ஆவியாகவும் போகாது. ஈரானின் கனாத்களை யுனெஸ்கோ 2016-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவில் கர்நாடகாவின் பீதரிலும், மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரிலும் இதே தொழில்நுட்பத்தில் அமைத்த நிலத்தடிக் கால்வாய்களை இப்போதும் பார்க்கலாம்.

டைகர்-டி, ஆர், ஏ, என், க்யூ: 'ட்ராங்க்'. இந்தப் பட்டியலில் இது கொஞ்சம் வித்தியாசம். அரபியும் இல்லை, சீனமும் இல்லை. மனதை அமைதிப்படுத்தும் மருந்தைக் குறிக்கும் 'ட்ரான்க்விலைசர்' என்ற நீளமான வார்த்தையை, க்யூவோடு வெட்டிச் சுருக்கியது. வெட்டிய இடத்தில் யூ போயே போச்சு!

யூ, எம், ஐ, ஏ, க்யூ: 'ஊமியாக்'. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் விலங்குத் தோலால் கட்டும் திறந்த படகு. 'கயாக்' படகின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம்.

6 எழுத்தில் முக்கியமானவை

தினமும் உங்க கண்ணில் படும் ஒன்று இருக்கு: க்யூ, டபிள்யூ, இ, ஆர், டைகர்-டி, ஒய். ஆங்கில கீபோர்டின் மேல் வரிசையில் இடமிருந்து முதல் ஆறு எழுத்துகள். 1870-களில் டைப்ரைட்டருக்காக உருவான இந்த வரிசை அப்படியே மொபைலுக்கும் வந்துவிட்டது. அந்த வகை கீபோர்டுக்கு இதுவே பெயராகவும் ஆகிவிட்டதால் அகராதியிலும் இடம் உண்டு.

இன்னொன்று எஸ், ஹெச், இ, க்யூ, இ, எல்: இஸ்ரேல் நாணயம் 'ஷெக்கெல்'. இதையும் கே போட்டு எழுதுவதுதான் வழக்கம்.

கவனிச்சீங்களா? இதுல ஒரு ஷார்ட்கட் இருக்கு

மேலே இருக்கும் பட்டியலைத் திரும்பப் பாருங்க. பக்கீர், காஜி, காத், சூக், கோஃப், ஊமியாக், ஷெக்கெல்... இதில் பலவற்றை கே போட்டும் எழுதலாம், க்யூ போட்டும் எழுதலாம். வெளிமொழிச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தவர்கள் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் எழுதினார்கள், அகராதிகள் அத்தனையையும் சேர்த்துக்கொண்டன. அதனால் கையில் க்யூ இருந்தால், 'கே வரும் அரபு வார்த்தை ஏதாவது தெரியுமா?' என்று உங்களையே கேட்டுக்கோங்க. பாதி நேரம் பதில் கிடைத்துவிடும்.

ஆனா எல்லா கே வார்த்தைக்கும் இது பொருந்தாது. சொந்தமாக ஸ்பெல்லிங் உருவாக்கினால் எதிராளி சவால் விடலாம். பட்டியலில் இல்லாவிட்டால் உங்க வாய்ப்பு போய்விடும்.

இதெல்லாம் செல்லாது, உஷார்!

* இராக், கத்தார்: யூ இல்லாத க்யூ உண்டுதான், ஆனால் நாட்டின் பெயர்கள். ஸ்க்ராபிளில் ஊர், நாடு, ஆள் பெயர்களுக்கு அனுமதி இல்லை.
* குவான்டாஸ்: ஆஸ்திரேலிய விமான நிறுவனம். 'குயின்ஸ்லாந்து' என்று தொடங்கும் நீண்ட பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவானது, அதனால்தான் யூ இல்லை. நிறுவனப் பெயர் என்பதால் செல்லாது.
* நாஸ்டாக்: அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெயர். இதுவும் அதே கதைதான்.

எந்தப் பட்டியலைப் பார்க்கணும்?

ஸ்க்ராபிள் உரிமை அமெரிக்கா, கனடாவில் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடமும், உலகின் மற்ற பகுதிகளில் மாட்டெல் நிறுவனத்திடமும் இருக்கிறது. அதற்கேற்ப வார்த்தைப் பட்டியலும் இரண்டு. இந்தியப் போட்டிகளில் பயன்படுவது காலின்ஸ் பட்டியல்.

வித்தியாசம் எவ்வளவு? இரண்டு எழுத்து வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கிட்டா, வட அமெரிக்காவின் 2018 பட்டியலில் 107 இருந்தன. காலின்ஸின் 2019 பட்டியலில் 127. மொபைல் ஆப்களில் சிலவற்றுக்குத் தனிப் பட்டியலே உண்டு. அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே எந்த அகராதி என்று பேசி முடிவு பண்ணிடுங்க. வீட்டில் ஆடும்போது வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்!

அர்த்தம் தெரிஞ்சாதான் ஆட முடியுமா?

விதிப்படி பார்த்தால், தேவையில்லை. வார்த்தை பட்டியலில் இருந்தால் போதும், அர்த்தத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கில ஸ்க்ராபிளில் பல முறை உலக சாம்பியன். 2015-ல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சுமார் 9 வாரங்கள் பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலைப் படித்துவிட்டுப் போனார். 2024-ல் ஸ்பானிஷ் மொழிப் போட்டியிலும் இதே போல் சாம்பியன் ஆனார்.

ஆனால் எல்லோருக்கும் அவரைப் போல நினைவாற்றல் கிடையாதே! வெறும் எழுத்துக்கூட்டமாகப் படித்தது நாலு நாளில் மறந்து போகும். 'பிறை அறிவிக்கும் காஜி', 'துபாய் சூக்', 'காயிதே மில்லத்தின் காயித்' என்று தெரிந்த ஒன்றோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

'எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, இந்த கேம் நமக்கு செட் ஆகாது' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். க்யூ விஷயத்தில் ஷேக்ஸ்பியர் படித்தவரைவிட, தினமும் தமிழ் செய்தி பார்ப்பவருக்கே அதிக வார்த்தைகள் பழக்கம். ஸ்பெல்லிங் மட்டும் கத்துக்கிட்டா போதும்.

அடுத்த முறை க்யூ கையில் வந்தால் என்ன செய்யணும்?

1. முதலில் ஐ இருக்கிறதா என்று பாருங்க. கையிலோ போர்டிலோ ஒரு ஐ, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தால் உடனே க்யூவை இறக்கிடலாம்.

2. ஐ இல்லை, ஏ இருக்கு என்றால் டைகர்-டி தேடுங்க. 'காத்' ஆகிவிடும்.

3. ஏ, ஐ, டாக்டர்-டி மூன்றும் இருந்தால் காஜி அல்லது காயித்.

4. போர்டில் யூ தனியாக இருந்தால் சூக் பொருந்துமா என்று பாருங்க.

5. எதுவுமே அமையவில்லையா? பையில் குறைந்தது 7 வில்லைகள் இருக்கும்போதே க்யூவை மாற்றிக்கலாம். அந்த முறை உங்களுக்குப் புள்ளி கிடைக்காது. அதற்குப் பயந்து கடைசி வரை கையிலேயே வைத்திருந்தால், மாற்றவும் முடியாது, வைக்கவும் முடியாது.

6. போட்டிகளில் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி. உங்க புள்ளியைக் குறைக்காமல், மிச்சமிருக்கும் எழுத்தின் இரண்டு மடங்கை எதிராளிக்குக் கொடுப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் வித்தியாசம் அதே 20 புள்ளிதான்.

முதலில் சொன்ன உதாரணத்தில் 248 புள்ளியோடு இருந்த ஆட்டக்காரருக்கு, போர்டில் ஓரமாக ஒரு ஐயும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டமும் கண்ணில் பட்டிருந்தால், ஆட்டம் அவருடையது. இரண்டே எழுத்து, ஒரே வார்த்தை. இப்போ உங்களுக்கும் தெரியும்.